அலமாரியில் நிற்கும் கிழவிகள்

ஜொகூரில் இலையுதிர் காலம் உண்டு. ஆனால் அது அக்டோபரில் வராது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரங்களின் இலைகள் செம்பழுப்பாக மாறி உதிரும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஏதோ ஐரோப்பியக் காலண்டர் படம் மாதிரிதான் இருக்கும். மரத்தடியில் நின்றவர்களுக்கு அப்படித் தெரிந்ததில்லை. இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். என் அம்மாவும் அப்பாவும் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ‘இலை கொட்டுற மாசம்’ என்று அவர்கள் சொல்லும்போது அதில் கடைக்கணக்கின் வாடைதான் அடிக்கும்.

அக்டோபர் மாத இலையுதிர் காலம் எங்களுக்குப் பெட்டியில் வருகிறது. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் பிளாஸ்டிக் மேப்பிள் இலைகள் தொங்குகின்றன, ஆரஞ்சுப் பூசணிகள் சிரிக்கின்றன. பத்தடி தள்ளி தீபாவளிக்காக வண்ண அரிசியில் மயில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் தங்கை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தலைமுறை. அவள் தினமும் விடியலுக்கு முன்பே கிளம்பி, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். சில வருடங்களாகச் சூனியக்காரி பொம்மைகள் சேர்க்கிறாள். செப்டம்பர் கடைசியில் வரவேற்பறை அலமாரியிலிருந்து என் பல்கலைக்கழகக் கேடயங்கள் இறங்கிவிடும், கிழவிகள் ஏறிவிடுவார்கள்.

அந்த அலமாரியை நியாயமாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஊதாத் தொப்பி போட்ட ஒருத்தி கொப்பரையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புப் பூனைக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். டிபார்ட்மென்ட் 56 என்ற அமெரிக்க நிறுவனம், உள்ளே விளக்கெரியும் குட்டிக் குட்டி வீடுகள் செய்து விற்கிறது. அதில் கோணல்மாணலான ஒரு வீட்டைத் தங்கை யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கி வைத்திருக்கிறாள். விலையை அம்மாவிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறாள். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிடுவாள். நாள் முழுக்கக் குடிநுழைவு வரிசையில் நின்று வந்தவளுக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் தேவைப்படுகிறது. இதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

புகார் அம்மாவுக்குத்தான். “வீட்டுக்குள்ள எதுக்கு அந்தக் கெழவிங்க? லெச்சுமி இருக்கற எடம்.”

தங்கை உடனே வாசலைக் காட்டுவாள். எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே நாக்கைத் தொங்கவிட்டு, முட்டைக்கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு திருஷ்டி முகம் இருக்கிறது. அம்மா வாங்கி மாட்டியது. தமிழ்நாட்டில் கட்டி முடியாத வீடுகளில் பூசணிக்காய்மேல் அரக்கன் முகம் வரைந்து தொங்கவிடுகிறார்கள். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தவர்கள்; அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்கே கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். ஆக, பூசணியில் கோரமுகம் வைப்பது இரண்டு ஊரிலும் நடந்திருக்கிறது. “உங்க பூசணி மட்டும் சாமி, என் பூசணி பேயாம்மா?” என்று தங்கை கேட்டதற்கு அம்மா சொன்ன பதில்தான் என்னை யோசிக்கவைத்தது. “அது வெளிய பாக்குதுடி. இதுங்க உள்ள பாக்குதுங்க.”

முதலில் சிரித்தேன். பிறகு அது சரியான வித்தியாசம் என்று பட்டது. திருஷ்டிமுகம் காவல்காரன். வெளியிலிருந்து வரும் தீமைக்கு முகம் காட்டி நிற்பது. சூனியக்காரி அப்படி வெளியிலிருந்து வருகிறவள் இல்லை. உலகம் முழுக்க அந்தக் குற்றச்சாட்டின் அமைப்பு ஒன்றேதான்: அவள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். பக்கத்து வீடு, நாத்தனார், சித்தி, கைம்பெண்ணான அத்தை. அந்நியர்களைப் பற்றி இப்படி யாரும் பேசுவதில்லை. நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவளைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இங்கே ஒரு சொல்பிரச்சினையும் உண்டு. துடைப்பத்தில் பறக்கும் தொப்பிக்காரியை ‘சூனியக்காரி’ என்று சிறுவர் கதைகளில் படித்து வளர்ந்தோம். தோட்டத்துப் பேச்சில் அந்தச் சொல் அவ்வளவாகப் புழங்கவில்லை. அங்கே ‘செய்வினை’ உண்டு, ‘வச்சிட்டா’ உண்டு. செய்கிறவர் பெரும்பாலும் ஆண்: ஒரு மந்திரவாதி, ஒரு பொமோ, பெரிய கேஸ் என்றால் சியாமில் இருக்கும் யாரோ ஒருவர். அவருக்கு வீட்டு வாசலில் செருப்புக் குவியும், காணிக்கை விழும். வைக்கச் சொன்னதாகக் குற்றம்சாட்டப்படுகிறவள் மட்டும் பெண். தொழில் செய்கிறவனுக்கு மரியாதை, செய்யாதவளுக்குத் தண்டனை என்கிற இந்த ஏற்பாட்டை இன்னும் கொஞ்சம் வியந்து பார்த்திருக்க வேண்டும் நாம்.

*

அந்தத் தொப்பிக்காரி எப்படி விளையாட்டுப் பொருள் ஆனாள் என்பதற்கு ஒரு ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம். 1692இல் அங்கே சில சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி ஏதோ வந்தது. யார் செய்தது என்ற கேள்வி எழுந்தது. நூற்றைம்பது பேருக்குமேல் குற்றம்சாட்டப்பட்டார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்; அவர்களில் 14 பேர் பெண்கள். வழக்கில் பதில் சொல்ல மறுத்த ஒரு முதியவரை நெஞ்சில் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். இன்று அந்த ஊரில் போலீஸ் காரின் கதவில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி சின்னம் இருக்கிறது. 2005இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் அழகிய சூனியக்காரிக்கு நடு ஊரில் வெண்கலச் சிலை வைத்தார்கள். அக்டோபர் முழுக்கச் சுற்றுலாக்கூட்டம். ஒரு காலத்தில் சூனியக்காரி என்று பிடித்துக்கொண்டுபோன அதே அதிகாரம் இப்போது அவள் படத்தை ஒட்டிக்கொண்டு ரோந்து போகிறது.

இதை ஆபாசம் என்று சொல்வது சுலபம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. சேலத்தில் பொம்மை விற்க முடிகிறது என்றால், அங்கே யாரும் இன்னொருவரைச் சூனியக்காரி என்று சொல்லி எதுவும் செய்துவிட முடியாது என்று அர்த்தம். அந்தச் சொல்லில் விஷம் வற்றிவிட்டது. ஒரு சமூகம் எதை முழுதாக நம்பாமல் ஆகிவிட்டதோ அதைத்தான் பொம்மையாகச் செய்து அலமாரியில் வைக்கும். ஐரோப்பாவில் மூன்று நூற்றாண்டுகளில் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர்வரை இந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டிருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை இதற்கென்றே சட்டம் இருந்தது. அதற்காக அந்த நாட்டின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2022 மார்ச் 8ஆம் தேதி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவும் பொம்மை விற்கவும் தேவைப்படுவது ஒன்றேதான்: நம்பிக்கை செத்திருக்க வேண்டும்.

சாகாத இடத்தில்? ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ என்ற பெண் இருக்கிறார். 1995இல் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இவர்தான் காரணம் என்றார்கள். அடித்தார்கள், மலத்தைக் குடிக்கவைக்கப் பார்த்தார்கள். பிள்ளைகளோடு தப்பி ஓடினார். பிறகு, அதே மாதிரி துரத்தப்பட்ட பெண்களைக் காப்பாற்றுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். அசாமில் பிருபாலா ராபா. நோயாளி மகன் மூன்றே நாளில் செத்துவிடுவான் என்று மந்திரவைத்தியர் சொன்னார், சாகவில்லை. அங்கிருந்து அவருடைய அவநம்பிக்கை தொடங்கியது. இருவருக்கும் 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பிருபாலா 2024இல் காலமானார். பீகார் 1999இல் இதற்கெதிராகத் தனிச்சட்டம் இயற்றியது, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் பின்தொடர்ந்தன. ஆனாலும் 2000க்குப் பிறகு இந்தியாவில் சூனியக் குற்றச்சாட்டால் கொல்லப்பட்டவர்களின் பதிவான எண்ணிக்கையே இரண்டாயிரத்தைத் தாண்டும். அந்தக் கிராமங்களில் யாராவது வீட்டு அலமாரியில் தொப்பிக்கிழவி பொம்மையை வைத்து விளக்குப் போட முடியுமா? மறுநாள் ஊரே வாசலில் நிற்கும்.

பொம்மை சாத்தியமா இல்லையா என்பது ஒரு அளவுகோல் என்றால், மலேசியத் தமிழர்கள் அதில் எங்கே நிற்கிறோம்? நடுவில் எங்கோ. பேரங்காடியில் இருக்கும்போது சேலம். தைப்பூசத்துக்கு மறுவாரம் யாருக்காவது காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் வேறு ஊர்.

*

நான் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளன். இயந்திரம் நின்றுபோனால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கவேண்டும் என்பது டொயோட்டாவிலிருந்து வந்த வழக்கம். தாங்கி உருளை ஏன் உடைந்தது, மசகு ஏன் காய்ந்தது, வடிகட்டி ஏன் அடைத்தது என்று போக வேண்டும். நடைமுறையில் இரண்டாவது ‘ஏன்’ முடிவதற்குள் யாராவது “நேத்து நைட் ஷிப்ட் யாரு?” என்று கேட்டுவிடுவார்கள். ‘ஏன்’ போய் ‘யார்’ வந்துவிட்டால் அதோடு விசாரணை முடிந்துவிடும். ஒரு பங்களாதேஷ் தொழிலாளியின் பெயர் கிடைக்கும். எல்லோருக்கும் நிம்மதி. வடிகட்டி அப்படியே அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இதை அறியாமை என்று சொல்லி முடித்துவிட முடியாது என்பதை மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் 1937இல் எழுதிய அசாண்டே மக்கள் பற்றிய நூல்தான் எனக்குப் புரியவைத்தது. அவர் தரும் உதாரணம் ஒரு தானியக் குதிர். கால் நட்டு மேடைமேல் கட்டியது. வெயிலுக்கு அதன் நிழலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கால்களைக் கறையான் அரித்திருக்கிறது. சரிந்து விழுகிறது, அடிபடுகிறது. கறையான்தான் காரணம் என்று அசாண்டேக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: கறையான் அரித்ததும் சரி, இவர்கள் நிழலுக்கு ஒதுங்கியதும் சரி, அந்த இரண்டும் ஏன் அதே நிமிடத்தில் சந்தித்தன? ஏன் இவர்கள் தலையில்? நாம் அதைத் தற்செயல் என்போம். அவர்கள் சூனியம் என்பார்கள். யோசித்துப் பார்த்தால் ‘தற்செயல்’ என்பதும் விளக்கமில்லை, விளக்கம் கேட்பதை நிறுத்திக்கொள்ள நமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு சொல், அவ்வளவுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அந்தச் சொல்லை நீட்ட எனக்குத் தைரியம் வராது.

ஏன் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு குதிர் விழுந்திருக்கிறது.

அம்மாவின் சித்திக்கு ஒரு மகன். அம்மாவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது அவனுக்கு ஆறு. இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தாளாம். 1979, இலை கொட்டுற மாசம். காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் டெங்கி என்றுதான் சொன்னார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் லயத்தில் இருபது பிள்ளைகள் இருக்கும்போது கொசு ஏன் இவனைத் தேடி வந்தது? கூட்டிவந்த சாமியாடி கண்ணை மூடிக்கொண்டு, வடக்கே பார்த்த நாலாவது வீடு என்றார். நாலாவது வீட்டில் இருந்தவர் என் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா. வயது இருபத்தைந்து, தாலி இறங்கி ஒரு வருடம். அந்தப் பையன் காய்ச்சலில் படுப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கையால் பணியாரம் வாங்கித் தின்றிருக்கிறான். போதும்.

யாரும் கை வைக்கவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா அந்த வார்த்தையைச் சேர்த்துக்கொள்வார், கை வைக்கல. பொதுக்குழாயில் அத்தை குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் எடுக்கப்பட்டன, அவ்வளவுதான். பெரட்டுக் களத்தில் அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. பிள்ளைகளை அவர் வாசல் வழியாக அனுப்பவில்லை. ஏழெட்டு மாதம் தாங்கினார். பிறகு பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்து மாசாயில் அறை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் கழித்து அம்மாவும் அப்பாவும் காதலித்துக் கல்யாணம் செய்ததற்கு அம்மா வீட்டில் வந்த எதிர்ப்புக்குச் சாதி காரணமில்லை, வசதி காரணமில்லை. அந்த நாலாவது வீடுதான் காரணம்.

பொருளாதார ஆய்வாளர் எட்வர்ட் மிகெல் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று நினைவுக்கு வருகிறது. தான்சானியாவின் கிராமப்புறங்களில் மழை பொய்த்த அல்லது வெள்ளம் வந்த வருடங்களில் சூனியக்காரி என்று சொல்லிச் செய்யும் கொலைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகின்றன என்று அவர் காட்டினார். கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். கொன்றவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். பஞ்சத்தில் ஒரு வாய் குறைகிறது. எங்கள் லயத்துக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். இலை கொட்டுற மாசத்தில் ஒரு கைம்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய கைமாற்றுகளும் வாங்க வேண்டிய கைமாற்றுகளும் என்னென்ன இருந்தன என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தோட்டமே செம்பனையாகிவிட்டது.

*

தங்கைக்கு இந்தக் கதை இரண்டு வருடத்துக்கு முன்புவரை தெரியாது. நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், பிறகு கண் மின்ன, “அப்ப நம்ம அத்தைதான் ஒரிஜினல்” என்றாள். அலமாரியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து அவருக்குத் தீபாவளிக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை, மனமாரச் சொன்னாள். அவள் வளர்ந்த உலகத்தில் சூனியக்காரி என்பது பட்டம். எங்களுக்கு ஹெர்மாயினி இருந்தாள். 1939இல் ஓஸ் படத்தில் பச்சைமுகத்தோடு பயமுறுத்தியவளே (அந்த வேடமிட்ட மார்கரெட் ஹாமில்டன் படப்பிடிப்பில் நிஜமாகவே தீயில் வெந்தார்) 2024இல் ‘விக்கெட்’ படத்தில் கதாநாயகியாகத் திரும்பி வந்தாள். படிப்பும் துணிச்சலும் உள்ள பெண்களை ஆண்கள் பயந்து எரித்தார்கள், நாங்கள் அவர்களுடைய பேத்திகள் என்கிற பெருமிதம் சட்டைகளிலேயே அச்சடித்து வருகிறது.

அன்றிரவு நாங்கள் சண்டை போட்டோம் என்றே சொல்ல வேண்டும். என் வாதம் இதுதான். அந்தப் பெருமிதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது குற்றம்சாட்டியவனுடைய முதல் வாக்கியத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆமாம், இவளுக்குச் சக்தி இருந்தது என்கிறது. சுட்னி மஹதோவுக்கு எந்தச் சக்தியும் இல்லை. என் அத்தைக்கு எந்தச் சக்தியும் இல்லை. இருந்திருந்தால் குழாயடியில் அவருக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். சேலத்தில் தூக்கிலிடப்பட்டவர்களைப் பற்றி ஒரு விஷயம் முக்கியம்: ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். நான் சூனியக்காரிதான் என்று சொல்லி இன்னும் நாலு பெயரைச் சொன்னவர்களுக்குக் கயிறு விழவில்லை. இல்லை, நான் அது இல்லை என்று கடைசிவரை நின்றவர்களே செத்தார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஒரே வாக்கியம் அந்த ‘இல்லை’. இப்போது நாம் அன்போடு வந்து, தொப்பியைப் போட்டு, ‘ஆமாம்’ என்று அதைத் திருத்துகிறோம்.

தங்கை விடவில்லை. “அப்ப காரைக்காலம்மையார்?” என்றாள். அவள் தமிழ்ப்பள்ளிக் காலத்தில் திருமுறை ஓதும் போட்டிகளுக்குப் போனவள் என்பதை மறந்துவிட்டேன்.

நல்ல கேள்வி. புனிதவதிக்கு இறையருளால் மாங்கனி கிடைக்கிறது. அதைப் பார்த்த கணவன் பரமதத்தன் பயந்துபோகிறான். கப்பலேறிப் போய் வேறொரு ஊரில் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். பிறகு இவளைப் பார்த்ததும் காலில் விழுகிறான், தெய்வம் என்கிறான். அந்த இடத்தில் அவன் வாயில் இரண்டு சொற்கள் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இல்லாத பொருளை வரவழைக்கிற மனைவியைத் தெய்வம் என்றும் சொல்லலாம், மற்றதையும் சொல்லலாம். நிகழ்ச்சி ஒன்றுதான், அச்சமும் ஒன்றுதான். அவன் நல்ல சொல்லை எடுத்தான். அது அவளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். உரிமை என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பெரிய விஷயம். எவனோ கொடுத்த ‘தெய்வ’த்தையும் வைத்துக்கொள்ளவில்லை. சதையை உதறிப் பேய்வடிவு கேட்டு வாங்கினாள். தன்னைக் காரைக்கால் பேய் என்று தானே பாடிக்கொண்டாள். வற்றிய முலையும் எலும்பெடுத்த தோளுமாக, கையில் தாளத்தோடு அவள் உட்கார்ந்திருக்கும் சோழர்காலச் செப்புத்திருமேனிகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, இவள் உட்கார்ந்திருப்பாள். கொலுப்படியில் அறுபத்துமூவரை வைப்பவர்கள் வீட்டில் வருடாவருடம் புரட்டாசியில் ஒரு பேய்க்கிழவி வந்து உட்காரத்தான் செய்கிறாள்.

ஆனால் அவள் கேட்டு வாங்கினாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து முதலில் வந்தது. அத்தைக்கு நாலாவது வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் கொடுத்தான். தங்கையிடம் கடைசியாக நான் சொன்னது, அத்தை தானாக வந்து அந்தத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டால் நானே படம் பிடித்துத் தருகிறேன், நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பதுதான். அவள் பொம்மையைத் திரும்பி வைத்தாள். ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. “நீ ரொம்ப ஓவரா யோசிக்கற அண்ணே” என்றாள். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

அந்தத் தீபாவளிக்கு அத்தை வந்தார். எழுபது வயது. அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். துடைப்பத்தில் பறக்கும் ஒருத்தியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இவளுக்கும் முட்டிவலி போல, நடக்க முடியாம இதுல போறா” என்றார். வைத்துவிட்டு விலை கேட்டார். தங்கை கால்வாசி சொன்னாள். இதை அத்தையின் ஞானம், மன்னிப்பு என்றெல்லாம் எழுத எனக்குக் கை வருகிறது, எழுதமாட்டேன். அவருக்கு அந்தப் பொம்மைக்கும் தனக்கும் சம்பந்தமே தெரியாமல் இருந்திருக்கலாம். தொப்பி போட்ட வெள்ளைக்காரிக்கும் லயத்துக் குழாயடிக்கும் என்ன சம்பந்தம்?

உண்மையில் எனக்கு அலமாரி பிரச்சினையே இல்லை. தங்கை இருக்கட்டும், கிழவிகள் இருக்கட்டும், கேடயங்களைவிட அவை நன்றாகத்தான் இருக்கின்றன. பிரச்சினை சமையலறையில் இருக்கிறது. அத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மைலோ டின் நிறைய முறுக்கு சுட்டுக்கொண்டு வருவார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். அந்த டின் ஒருநாள் முழுக்க, திறக்காமல், சாமிமேடைக்குக் கீழே இருக்கும். மறுநாள் பக்கத்து வீடுகளுக்கும் என் தொழிற்சாலைக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். முப்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான். அத்தைக்குத் தெரியுமா என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால் எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்பாள். நானும் தங்கையும் அந்த ஒருநாளுக்குள் டின்னைத் திறந்து ஆளுக்கு நாலு எடுத்துத் தின்றுவிடுவோம். அம்மா பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் அன்றிரவு இரண்டு தடவை வந்து நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள், சுடுகிறதா என்று.

அந்தக் கையை எப்படிக் குற்றம் சொல்வது? அம்மா அத்தையை வெறுக்கவில்லை. அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது சுல்தானா அமீனா மருத்துவமனையில் பதினோரு நாள் கூடவே இருந்தவள் அம்மாதான். வெறுப்பிருந்தால் எதிர்த்துப் பேசலாம். இது பதினோரு வயதில் இடுப்பிலிருந்து ஒரு கனம் போனது, அவ்வளவுதான், அதற்கு யாராவது பெயர் வைத்தால் போதும் என்றிருந்தபோது பெயர் கிடைத்தது. ஆனால் அநீதி அன்பானவர்கள் கையில் இருந்தாலும் அநீதிதான். வாங்குகிறவருக்கு அது டின் திறக்கப்படாமல் இருப்பதுதான்.

சேலத்தில் தண்டனை பெற்றவர்களில் கடைசிவரை பெயர் நீக்கப்படாமல் இருந்த எலிசபெத் ஜான்சனை மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 2022இல் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அதற்காக விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நார்த் ஆண்டோவரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். அங்கே நீக்குவதற்கு ஒரு பதிவேடு இருந்தது. எங்கள் லயத்தில் எந்த ஏட்டிலும் அத்தை பெயர் எழுதப்படவில்லை. எழுதாததை எங்கே போய் அழிப்பது? அதனால் இந்த வருடம், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருக்கும்போது சேலம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். அத்தை பெயரை எடுக்கவில்லை. சிறுமிகளுக்கு வலிப்பு வந்தது, ஊர் தேடியது, தூக்கிலிட்டார்கள், பொம்மை செய்தார்கள். அம்மா முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளைங்களுக்கு அப்புறம் சரியாப்போச்சா?”

தூக்கில் தொங்கியவர்களைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். பிழைத்தார்கள் என்று சொன்னேன். அவர்களில் ஆன் பட்னம் என்ற பெண், குற்றம்சாட்டியபோது பன்னிரண்டு வயது, பெரியவளானபின் 1706இல் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள், அவளுடைய மன்னிப்பை வாசித்தார்கள் என்றும் சொன்னேன்.

“பன்னெண்டு வயசா?” என்றாள் அம்மா. முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.